விட்டுக்கொடுத்தவர் யார்... விட்டுக்கொடுக்கப்பட்டவர் யார்?

பெருமாள் கோயிலுக்குப் போகிறீர்கள். கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கியாயிற்று. அடுத்து எங்கே போவீர்கள்? நேராக மூலஸ்தானத்துக்கா? வழக்கம் தெரிந்த பெரியவர்கள் உடன் இருந்தால் விடமாட்டார்கள். 'முதலில் தாயார் சந்நிதி. அப்புறம்தான் பெருமாள்' என்று கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள்.

வைணவ ஆசார்யர்கள் இதற்குப் 'புருஷகாரம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குற்றங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் எம்பெருமானிடம், 'போகட்டும், நம் குழந்தைதானே' என்று நமக்காகப் பரிந்து பேசுபவள் மகாலட்சுமித் தாயார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முதலில் அவள் சந்நிதியில் போய் நிற்கிறோம்.

வீட்டிலும் இதே கதைதான் இல்லையா? மார்க் குறைந்த பையன் ரிப்போர்ட் கார்டை முதலில் நீட்டுவது அம்மாவிடம். காதல் என்று வந்து நிற்கும் பெண் முதலில் வாய் திறப்பதும் அம்மாவிடம். அண்ணன் தம்பி பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத வீடுகளில்கூட ஓரகத்திகள் இருவரும் மாலையில் போனில் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்!

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. இப்படி நடுவில் நின்று சமாதானம் செய்கிறோமே, இது அதிகாரமா? அல்லது அதிகாரம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆறுதல் பரிசா? 'பொம்பளை விட்டுக்கொடுத்துப் போனால்தான் குடும்பம் நிற்கும்' என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். விட்டுக்கொடுப்பதும் சமாதானம் செய்வதும் ஒன்றுதானா?

இதற்குப் பதில் தேட ஆயிரம் வருடம் பின்னால் போகலாம், வாருங்கள். சோழ அரண்மனைக்கு.

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ்.புதூருக்கு அருகே இருக்கிறது கோனேரிராஜபுரம். தேவாரத்தில் திருநல்லம் என்று பாடப்பெற்ற தலம். அங்குள்ள பிரமாண்டமான நடராஜரைத் தரிசித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உமாமகேஸ்வரர் அருள்பாலிக்கும் அந்தக் கோயிலைக் கற்றளியாகக் கட்டியவர் ஒரு விதவை ராணி. காலமாகிவிட்ட தன் கணவர் கண்டராதித்த சோழரின் பெயரால் அதை எழுப்பினார். கண்டராதித்தர் சிவலிங்கத்தைப் பூஜிக்கும் சிற்பமும், அதைச் சொல்லும் கல்வெட்டும் கோயில் சுவரில் இருக்கின்றன. தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவில் பாடினாரே, அதே கண்டராதித்தர்தான். ராணியின் பெயர் செம்பியன் மாதேவி.

இந்த அம்மையாரின் வாழ்க்கையை நம் வீட்டுக் கதை போலச் சொல்லிப் பார்ப்போம். கணவர் சுமார் 957-ல் காலமானார். மகன் உத்தமன் சிறு பிள்ளை. ராஜ்யம் கணவரின் தம்பி அரிஞ்சயருக்குப் போயிற்று. பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்குப் போயிற்று. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். அடுத்த பட்டத்துக்கு உரியவன். அவனைக் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு அரியணை ஏறியது யார் தெரியுமா? கரிகாலனின் தம்பி அருள்மொழி அல்ல, செம்பியன் மாதேவியின் மகன் உத்தமன்!

எப்படிப்பட்ட சூழ்நிலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் வாலிபப் பிள்ளை கொலையாகிறான். சொத்து அவன் தம்பிக்கு வராமல் பங்காளிக்குப் போகிறது. ஊர் என்ன பேசும்? அன்றும் பேசியிருக்கும். இன்றுவரை சரித்திர ஆசிரியர்களில் சிலர் உத்தமன்மேல் சந்தேகப்படத்தான் செய்கிறார்கள். வேறு சிலர் அதை மறுக்கிறார்கள். கொலைகாரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த விவரம் பிற்பாடு ராஜராஜன் காலத்தில்தான் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கோயிலில் கல்வெட்டாக வந்தது. இப்படிப்பட்ட பகையில் இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்திருக்க வேண்டும். உலகத்தின் எத்தனையோ அரச வம்சங்களில் அதுதான் நடந்தது.

இங்கே நடந்தது வேறு. அருள்மொழி சுமார் பதினைந்து வருடம் காத்திருந்தார். 985-ல் உத்தம சோழருக்குப் பின் ராஜராஜனாக முடிசூடினார். முடிசூடியதும் உத்தமரின் குடும்பத்தை அழித்தாரா? இல்லை. உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியிலேயே கோயில் காரியங்களை மேற்பார்வை செய்யும் பெரிய அதிகாரியாக இருந்தார். செம்பியன் மாதேவியோ ராஜராஜனுக்குப் பாட்டி முறை. அவருடைய திருப்பணிகள் மகன் போன பிறகும் ராஜராஜன் காலத்தில் தடையின்றி நடந்தன. 1001 வரை அவரைப் பற்றிய சாசனங்கள் கிடைக்கின்றன.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களும், 2022, 2023-ல் இரண்டு பாகமாக வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களும், 'அந்த அம்மாள்தானே மகனை அரியணை ஏற வேண்டாம் என்று தடுத்தவர்' என்பீர்கள். அது கல்கி அவர்களின் கற்பனை நயம். கல்வெட்டுகள் அந்தப்புரத்துப் பேச்சுகளைப் பதிவு செய்வதில்லை; கொடுத்ததையும் கட்டியதையும்தான் பதிவு செய்யும். ஆனால், அந்தக் கொடையிலேயே இந்த அம்மையாரின் குணம் தெரிகிறது.

திருக்கோடிக்காவல் கோயிலைச் சொல்கிறேன். அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் புதிதாக எடுப்பித்தார். பழைய கற்களில் எத்தனையோ பேரின் தர்மங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. யாரோ ஒருவர் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்திருப்பார். 90, 96 என்று ஆட்டுக் கணக்கு இருக்கும். யாரோ ஒரு பெண்மணி கொஞ்சம் பொன் வைத்திருப்பார். சுவரை இடித்தால் அந்தச் சாசனமும் போய்விடும். சாசனம் போனால் விளக்கும் அணைந்துபோகும். செம்பியன் மாதேவி என்ன செய்தார்? பழைய கல்வெட்டுகளையெல்லாம் படி எடுத்து, 'இது பழங்கற்படி' என்ற குறிப்போடு புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார்!

அதில் இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய சாசனங்களில் பல்லவ மன்னர்களின் ஆட்சிக்காலத்தவையும் இருந்தன. பல்லவர் யார்? சோழர்கள் போரிட்டு முடித்துவைத்த வம்சம். வென்றவர் வீட்டு மருமகள், தோற்றவர் காலத்துத் தர்மத்தைத் தன் செலவில் காப்பாற்றுகிறார். எனக்கு இதைவிடப் பெரிய சமாதானப் பத்திரம் சோழர் சரித்திரத்தில் தெரியவில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கைலாசநாதர் கோயில். உத்தம சோழரின் பட்டத்து மகிஷிகள் அந்தக் கோயிலுக்கு நிவந்தங்கள் கொடுத்திருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? சித்திரை மாதம் கேட்டை நட்சத்திரத்தன்று சிறப்புப் பூஜை செய்ய. கேட்டை அவர்கள் மாமியாரின் ஜன்ம நட்சத்திரம்! மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் ஒருவருக்கு இருவராக, மூவராகச் சேர்ந்து அறக்கட்டளை வைக்கிறார்கள் என்றால், அந்த மாமியார் அரண்மனையில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அவர் கணவரை இழந்தவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் கைம்பெண்ணாக வாழ்ந்தவர். நாம் இன்றும் வீட்டு விசேஷத்தில் ஆரத்தி எடுக்கக் கணவரை இழந்த நாத்தனாரையோ, பெற்ற தாயையோகூட முன்னால் கூப்பிடத் தயங்குகிறோம். ஆயிரம் வருடத்துக்கு முன் அப்படி ஒருவர் கோயில்களைக் கட்டினார், கும்பாபிஷேகம் கண்டார், அவர் நட்சத்திரத்தில் சுவாமிக்கு விசேஷ பூஜை நடந்தது. சாஸ்திரம் பேசுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் பதில் சொல்லட்டும்.

இனி அதே அரண்மனையில் இன்னொரு பெண்ணைப் பாருங்கள். சுந்தர சோழரின் தேவி வானவன் மாதேவி; ராஜராஜனைப் பெற்ற தாய். கணவர் இறந்ததும் பால்மணம் மாறாத குழந்தையை விட்டுவிட்டு அவர் உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவிலூர்க் கல்வெட்டு போற்றிப் பாடுகிறது. அந்தப் பாட்டில் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை, வயிறு கலங்குகிறது. தன்னை முழுக்கக் கொடுத்த தாயைப் பாடிவைத்தார்கள், சரி. ஆனால் இளைய தலைமுறையின் சண்டை நடுவில் நிற்கத் தேவைப்பட்டவர், உயிரோடு இருந்த செம்பியன் மாதேவி அல்லவா?

அடுத்து, வெளியூருக்குக் கொடுக்கப்பட்ட பெண்கள். கோதாவரிக்கரையில் வேங்கி நாடு, கீழைச் சாளுக்கியர் ராஜ்யம். அந்த உறவு சோழர்களுக்குத் தேவைப்பட்டது. ராஜராஜன் தன் மகளை வேங்கி இளவரசர் விமலாதித்தருக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரும் குந்தவை, அத்தையின் பெயர். அவர் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு, ராஜேந்திர சோழரின் மகள் அம்மங்கை தேவியைக் கொடுத்தார்கள். அம்மங்கையின் மகனுக்கு, இரண்டாம் ராஜேந்திரரின் மகள் மதுராந்தகியைக் கொடுத்தார்கள். அந்த மகன்தான் 1070-ல் சோழ அரியணையும் ஏறிய முதலாம் குலோத்துங்கன். மூன்று தலைமுறைப் பெண் கொடுத்ததில் காவிரியும் கோதாவரியும் ஒரே குடையின் கீழ் வந்தன.

கேட்கும்போது மங்களமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால் போர் நின்றதா? வேங்கியில் ராஜராஜ நரேந்திரனுக்கு எதிராக அவர் மாற்றாந்தாய் மகன் விஜயாதித்தன் கிளம்பினார். அவருக்கு மேலைச் சாளுக்கியர் துணை. சோழர்களுக்கும் மேலைச் சாளுக்கியருக்கும் சண்டை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1054-ல் கொப்பம் போர்க்களத்தில் ராஜாதிராஜ சோழர் யானைமேலேயே உயிர் விட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டோடு உறவு நிலைத்தது. சண்டை பக்கத்து வீட்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இந்த மூன்று பெண்களிடமும் யாராவது 'உனக்குச் சம்மதமா' என்று கேட்டிருப்பார்களா? பேச்சுவார்த்தையில் அவர்கள் உட்காரவில்லை. பேச்சுவார்த்தையின் பொருளே அவர்கள்தான். இதையும் 'சமாதானம் செய்த ராணிகள்' என்று ஒரே கணக்கில் எழுதுகிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சமாதானம் செய்வது வேறு. சமாதானத்துக்காகக் கொடுக்கப்படுவது வேறு.

அப்படிக் கொடுக்கப்பட்டவர்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. குலோத்துங்கனின் தங்கை ஒருவர் 1114-ல் சிதம்பரம் நடராஜருக்குப் பொன் பாத்திரமும் கண்ணாடியும் சமர்ப்பித்திருக்கிறார். அவர் பெயரும் குந்தவை! பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் வைக்கும் நம் வழக்கம்தான். வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், பாஷை தெரியாத ஊரில் இருந்துகொண்டு, தன் பிறந்த வீட்டுப் பெயரையும் தில்லைக் கூத்தனையும் பேத்திவரை கொண்டு சேர்த்திருக்கிறார். அந்தச் சாமர்த்தியம் யாரும் கொடுத்து வந்ததல்ல.

அந்தப் பெயருக்கு மூலமான பெரிய குந்தவையிடம் வருவோம். ராஜராஜனின் அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன், முதலில் தான் கொடுத்ததையும், அடுத்து அக்கா கொடுத்ததையும், அதற்குப் பிறகுதான் தன் மனைவியர் கொடுத்ததையும் சொல்கிறார். மனைவியர் என்ன நினைத்தார்களோ! திண்டிவனம் பக்கம் தாதாபுரம் என்ற ஊரில் இந்தக் குந்தவை சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில், சமணர்களுக்கு ஒரு ஜினாலயம் என்று மூன்று எடுப்பித்தார். ஒரே ஊரில், ஒரே கையால்! தந்தை பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை வைத்தார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரி.

செம்பியன் மாதேவியிடமும் குந்தவையிடமும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது, கவனித்தீர்களா? இருவர் கையிலும் சொந்தப் பொன் இருந்தது. யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்தது. அவர்கள் பெயர் கல்லில் ஏறியது. அதனால்தான் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு எடை இருந்தது. தாயாரும் அப்படித்தானே? அவள் 'ஸ்ரீ', ஐஸ்வரியமே அவள். பெருமாள் அவளைத் தன் மார்பிலேயே வைத்திருக்கிறார். வாசலில் கைகட்டி நிற்பவள் சிபாரிசு செய்தால் யார் கேட்பார்கள்?

மகாபாரதத்தில் காந்தாரியைப் பாருங்கள். கண்ணன் தூது வந்தபோது, மகனுக்குப் புத்தி சொல்ல அவளைச் சபைக்கு அழைத்தார்கள். எல்லாம் கைமீறிய பிறகு! அவளும் சொன்னாள், துரியோதனன் எழுந்து போய்விட்டான். அதே சமயத்தில் திரௌபதி கண்ணனிடம் தன் விரித்த கூந்தலைக் காட்டி, சமாதானம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள் என்றாள். அதற்காக நாம் அவளைக் குடும்பம் கெடுத்தவள் என்று சொல்வதில்லை. கோயில் கட்டித் தீ மிதித்துக் கும்பிடுகிறோம். எல்லா நேரமும் பெண் அமைதி அமைதி என்றே சொல்ல வேண்டும் என்று நம் தர்மம் கேட்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சொத்துப் பிரிக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்குமாக 2005-லும் சட்டத்தைத் திருத்தியாயிற்று. அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 'நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும்மா, வீடு அமைதியாகிவிடும்' என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். போடுகிறீர்கள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டுமே!

அப்படிப் போட்ட கையெழுத்து தியாகமா? மனம் நிறைந்து, என் பங்கு இவ்வளவு என்று தெரிந்து, மறுக்க முடியும் என்றும் தெரிந்து, 'இருக்கட்டும், தம்பிக்குத் தேவை அதிகம்' என்று கொடுத்தால் அது செம்பியன் மாதேவியின் வழி. தொகை எவ்வளவு என்றே சொல்லாமல், போடாவிட்டால் இனி வாசற்படி ஏறாதே என்ற மிரட்டலில் போட்டால், வேங்கிக்குப் பல்லக்கு ஏறிய பெண்ணின் நிலைதான் உங்களுடையதும். பத்திரத்தில் வாசகம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் உங்களுக்குத்தான் தெரியும். கண்ணை மூடி விளக்கு முன் உட்கார்ந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஊராட்சிகளிலும் இதைப் பார்க்கிறோம். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் ஆயிற்று. எத்தனையோ ஊர்களில் தலைவிகள் தண்ணீர்ச் சண்டையையும் சுடுகாட்டுப் பாதைச் சண்டையையும் கோர்ட் வரை போகாமல் தீர்த்திருக்கிறார்கள். வேறு சில ஊர்களில் நாற்காலியில் தலைவி, பக்கத்து நாற்காலியில் எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டும் கணவர்! அந்தக் காலத்துத் தூது மாதிரிதான், பெண் போகிறாள், பேச்சு வேறொருவருடையது.

'விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம் இல்லையா' என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். உயர்ந்த குணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சோழர் சரித்திரத்தில் விட்டுக்கொடுத்ததற்காகச் செப்பேட்டில் புகழப்பட்டவர் யார் தெரியுமா? அருள்மொழி. சிற்றப்பனுக்கு ராஜ்யத்தின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அவரைப் போற்றுகிறது. குடிமக்கள் வேண்டியும் ஏற்கவில்லையாம். ஆண்பிள்ளை, வீரர், படை கையில் இருந்தவர். எடுத்துக்கொள்ள முடிந்தும் எடுத்துக்கொள்ளாததால்தான் அது பெருமை ஆயிற்று. விட்டுக்கொடுத்தல் பெண்களுக்கு மட்டும் விதித்த நோன்பு என்று எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை தங்கையோடு டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போடும்போது சொன்னால் பொருத்தமாக இருக்கும்!

கோனேரிராஜபுரம் போகும்போது உமாமகேஸ்வரரையும் அம்பாளையும் நடராஜரையும் தரிசித்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். கோயில் சுவரில் கண்டராதித்தர் பூஜை செய்யும் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். அங்கேயே இன்னோர் உருவமும் உண்டு. ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்பவருடையது. ராணியின் கட்டளைப்படி முன்னின்று கோயிலைக் கட்டி முடித்தவர் அவர். அவர் உருவத்துக்குக் கீழே அவர் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள்.